விசில் அடிக்காத குக்கரும், வயசு சொல்லாத கோழியும்

"சார், அந்த வீட்டம்மா குழம்பு வெச்ச குண்டானோட கோழியைத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாங்க சார். ஒண்ணுமே வேவலயாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு வந்த தொலைபேசி அழைப்பு இது. பேசியவர் தாம்பரம்–வாலாஜாபாத் சாலையில், படப்பை தாண்டி ஒரு கிராமத்தில் ஒரு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் பெண் விவசாயி. நெல்லோடு 60 நாட்டுக்கோழிகளும் வளர்க்கிறார். "வியாபாரியிடம் கொடுக்காதீர்கள் அம்மா, சேலையூர், செம்பாக்கம் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு நேரடியாகக் கொடுங்கள்" என்று அவருக்கு யோசனை சொன்னதே நான்தான். அந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். "பேசாம எல்லாத்தையும் வியாபாரிக்கே தள்ளிடலாம்னு பாக்கறேன் சார்" என்றார்.

"பிராய்லர் தின்று பழகிய வாய் அம்மா. அவர்களுக்கு நாட்டுக்கோழி சமைக்கத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது வேளாண்மை, கோழி என் பாடமே இல்லை. இருந்தாலும், கேட்டதும் ஒரு பதில் சொல்லிவிடுவது எங்கள் உத்தியோகத்தில் ஊறிப்போன பழக்கம்.

மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு காலை அவரிடமே ஒரு கோழி வாங்கினேன். அங்கேயே அறுத்து, மஞ்சள் தடவி, நெருப்பில் வாட்டி, துண்டு போடாமல் முழுசாகக் கொடுத்தார். சுத்தம் செய்த எடை 1.2 கிலோ. வீட்டில், மகள் சம்பளத்தில் வாங்கித் தந்த 6 லிட்டர் மின்சார பிரஷர் குக்கர் இருந்தது. முழுக்கோழியே உள்ளே உட்காரும். உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு விழுது தடவி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, 20 நிமிடம் வைத்தேன்.

"விசிலே வரலியே, வெந்துதான்னு எப்படிங்க தெரியும்?" என்றார் என் மனைவி. நாம் காலமெல்லாம் சமையலை விசிலால் எண்ணியவர்கள். இந்தக் குக்கரோ விசில் அடிப்பதில்லை, நிமிடக் கணக்குதான். திறந்து பார்த்தால் தொடையைப் பிய்க்க முடியவில்லை. ரப்பர் செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. கொண்டுபோன குண்டானோடு திரும்பி வந்த அந்த வீட்டம்மா மீது எனக்கு இருந்த கோபம் அப்போதே போய்விட்டது.

மறுநாள் பொத்தேரி அருகே உள்ள காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் நிலையம் அது. அங்கிருந்த கால்நடை மருத்துவர் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கோழிக்கு என்ன வயசு?"

எனக்குத் தெரியவில்லை. உடனே அந்த அம்மாவுக்கு போன் போட்டேன். "அது ரெண்டு வருசக் கோழி சார். முட்டை நின்னுபோச்சு, அதான்..." என்று இழுத்தார்.

விஷயம் அதுதான். ஐந்து மாதச் சேவலும் இரண்டு வருடக் கோழியும் ஒரே விலையில், 'நாட்டுக்கோழி' என்ற ஒரே பெயரில் போயிருக்கின்றன. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. வாங்கியவர்களும் வயதைக் கேட்கவில்லை, சொல்லும்படி நானும் அவரிடம் கூறவில்லை.

மருத்துவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தசைகளைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். வயது ஏற ஏற அதன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்கின்றன. ஈரத்தோடு நீண்ட நேரம் சூடு கொடுத்தால்தான் அது இளகி ஜெலட்டினாக மாறும். பிராய்லர் 35 முதல் 42 நாளில் கறிக்கு வந்துவிடுகிறது. பின்னிக்கொள்ளவே நேரமில்லாததால் சீக்கிரம் வெந்துவிடும்.

குக்கரிலும் ஒரு வித்தியாசம் உண்டு. அடுப்பில் வைக்கும் குக்கரில் அழுத்தம் சுமார் 15 பி.எஸ்.ஐ., உள்ளே வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி. மின்சாரக் குக்கர்களில் பெரும்பாலும் 10 முதல் 12 பி.எஸ்.ஐ.தான், வெப்பம் 115 முதல் 118 டிகிரி. அதனால் நேரம் கூடுதலாகத்தான் வைக்க வேண்டும்.

நான் செய்த இன்னொரு தவறு, அறுத்த ஒரு மணி நேரத்தில் சமைத்தது. உயிர் போனதும் தசை விறைக்கும். அந்த விறைப்பு விடுவதற்குள் சமைத்தால் இளங்கோழிகூடக் கடினமாகத்தான் இருக்கும். சுத்தம் செய்த கோழியை 4 முதல் 6 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து சமைக்க வேண்டும்.

அதே வயதுடைய இன்னொரு கோழியை வாங்கிவந்து மறுபடி முயன்றேன். காலையில் அறுத்ததை மாலை வரை பெட்டியில் வைத்தேன். கம்பி ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, உயர் அழுத்தத்தில் 55 நிமிடம். பிறகு ஆவியைத் திறந்துவிடாமல் 20 நிமிடம் தானாக அடங்க விட்டேன். மூடியில் உள்ள முள் கீழே இறங்கிய பிறகே திறந்தேன். இந்தத் தடவை தொடை கையோடு வந்தது. மின்சாரக் குக்கரில் கறி சிவக்காது. அதனால் கடைசியில் இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, கறிவேப்பிலை போட்டுப் புரட்டி எடுத்தோம். அடியில் நின்ற சாறு மறுநாள் பெட்டியில் ஜெல்லியாக உறைந்திருந்தது. கொலாஜன் இளகியதற்கு அதுவே சாட்சி. அதை ரசத்தில் சேர்த்தோம்.

என் அனுபவத்தில் 5, 6 மாத நாட்டுக்கோழியை முழுசாக வைக்க 25 முதல் 30 நிமிடமும், ஆவி அடங்க 15 நிமிடமும் போதும்.

வயதைக் கண்டுபிடிக்கவும் மருத்துவர் வழி சொன்னார். மார்பெலும்பின் பின்நுனியை விரலால் அழுத்துங்கள். குருத்தெலும்பாக வளைந்தால் இளசு, கெட்டியாக நின்றால் முதிர்ந்தது. சேவல் என்றால் கால்முள்ளைப் பாருங்கள். மொட்டு மாதிரி இருந்தால் இளசு, நீண்டு கூராக இருந்தால் வயதானது.

இப்போது அந்த அம்மா, குஞ்சு பொரிக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நிறத்தில் காலில் பிளாஸ்டிக் வளையம் மாட்டுகிறார். நிறமும் மாதமும் ஒரு நோட்டில் இருக்கின்றன. இளங்கோழிக்கு ஒரு விலை, முதிர்ந்ததற்குக் குறைந்த விலை. கொடுக்கும்போதே ஒரு சீட்டில் வயதும் வேகும் நேரமும் எழுதித் தருகிறார். "இது சூப்புக்கும் ரசத்துக்கும்தான் நல்லா இருக்கும்" என்று சொல்லியே பழங்கோழியை விற்கிறார். அதற்கென்றே இரண்டு வீடுகள் கேட்டு வாங்குகின்றன.

குண்டானோடு வந்த வீட்டம்மா மட்டும் திரும்பி வரவில்லை. நானே ஒருநாள் ஆறு மாதச் சேவல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்றிருக்கிறேன். அவருக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று சொன்னவன் நான்தானே!