நோட்டோடு விற்ற தொழில்

சென்னையில் தோட்டம் போட்டுக் கொடுப்பவர்களில் பலருக்குச் செடி ஆந்திராவின் கடியத்திலிருந்துதான் வரும். ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் ஊரெங்கும் நர்சரிகள். செடி ஏற்றிய லாரி வந்து நிற்பதைப் பார்த்தால் இதுதான் பெரிய வரும்படி என்று தோன்றும். அந்தத் தொழிலையே செய்த எனக்கு அப்படி இல்லை. அடுக்குமாடி கட்டுபவர்கள் கடைசித் தவணையை நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் செடி கருகினால் மறுநடவு நம் செலவு. தொழில் நின்றது மாதாமாதம் வந்த பராமரிப்புப் பணத்தில்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகள் பலவற்றில் போர் தண்ணீர் உப்பு. எல்லாரும் கேட்பது மெத்தை போன்ற கொரியன் புல். நிழல் விழும் மூலையில் நான் அகல இலை பஃபலோ புல்லைத்தான் போடுவேன். வேலிக்கு அரளி, மரத்துக்குப் பூவரசும் புன்னையும். உப்புக்காற்றுக்கு அசராதவை இவை. பராமரிக்கப்போவதும் நாமே என்றால் நடும்போதே கை நிதானிக்கும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்து மரங்களைச் சாய்த்துப் போட்டது. நாங்கள் அப்புறப்படுத்திய பலவற்றில் வேர் ஓட இடமில்லாமல் கான்கிரீட்டை ஒட்டியே சுருண்டிருந்தது. வேருக்கு மண் விடாத வரைபடம் வந்தால் மரம் நட மறுத்தேன். சில வேலைகள் கைநழுவின. அதில் எனக்கு வருத்தமில்லை.

வேலை பெருகியபோது ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டோம். வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எந்தப் பாத்தியில் கரையான், வீட்டம்மா எந்த நந்தியாவட்டையில் கத்தரி வைக்க விடமாட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் மேஸ்திரி சொல்லச் சொல்ல எழுதியது. மண்ணை அவர் அறிந்த அளவு எனக்குத் தெரியாது.

தொழிலை விற்க முடிவுசெய்தபோது வாங்க வந்தவர் முதலில் புல்வெட்டும் மெஷின்களையும் டெம்போவையும் எண்ணினார். பழைய இரும்பில் என்ன இருக்கிறது? பராமரிப்பு ஒப்பந்தங்களையும் நோட்டுகளையும் எடுத்து வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி இருப்பாரா?" என்றார்.

"அவரையே கேளுங்க சார்" என்றேன்.

மேஸ்திரி தனக்காக மட்டும் பேசவில்லை. எல்லா ஆட்களுக்கும் சம்பளமும் பிஎஃப்பும் தடையின்றித் தொடரும் என்று எழுதித் தரச் சொன்னார். அது ஒப்பந்தத்தில் ஏறிய பிறகே கையெழுத்திட்டேன். விலையில் ஒரு பங்கை, வாடிக்கையாளர்கள் ஓராண்டு விலகாமல் இருந்தால் வாங்கிக்கொள்வதாக நானும் ஒப்புக்கொண்டேன். பிறகு புதியவரை வீடு வீடாக அழைத்துப் போனோம். பேசியது நான், வால்வைத் தோண்டிக் காட்டியது மேஸ்திரி.