துபாஷியும் நேர்மொழியும்

விடுமுறைக்கு யான் திருப்பூர் சென்றிருந்தபொழுது, என் தமையனார் ஒரு பவர் டேபிள் கூடத்திற்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். பனியன் கட்டின்மேல் ஒட்டிய சீட்டைக் கைப்பேசி படம்பிடித்துப் படிக்கும். தைத்தவர் பெயரில் எண்ணிக்கை ஏறும். சனிக்கிழமை அவ்வெண்ணிக்கைக்கே கூலி. ஆயின், விலை குறைந்த கைப்பேசிகளில் அச்செயலி ஆமைபோல் ஊர்ந்தது.

"குற்றம் துபாஷியினுடையது" என்றார் தமையனார். யான் விழிக்கவே, விளக்கலானார். 1995-ல் வெளிவந்த ஜாவா மொழியில் எழுதியதைக் கைப்பேசியின் சில்லு நேரே அறியாது. துய்ப்ளேக்ஸ் துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நின்றதுபோல, மெய்நிகர் இயந்திரம் என்னும் துபாஷி இடைநின்று பெயர்த்துரைக்கும். ஒருமுறை எழுதினால் பல சில்லுகளிலும் ஓடும். 2009-ல் கூகுள் நிறுவனத்தார் ஆண்ட்ராய்டுக்கென வெளியிட்ட என்.டி.கே. என்னும் கருவித்தொகுதியோ, ஸி, ஸி++ மொழிகளில் எழுதியதைச் சில்லின் சொந்த மொழியிலேயே ஆக்கித்தரும். ஆனால், சில்லின் வகைதோறும் தனித்தனியே ஆக்குதல் வேண்டும்.

"அங்ஙனமாயின் துபாஷியைத் தள்ளிவிடலாமே!" என்றேன், அறியாமையின் துணிவால். அவரும் அவ்வாறே முழுவதையும் மாற்றி எழுதினார். செயலி பறந்தது.

மறுவாரம் ஒரு மாலை அது திடீரென மூடிக்கொண்டது. பட்டியலின் எல்லையைக் கடந்து எழுதப் புகுந்ததே பிழை. ஜாவாவாயின் துபாஷி தடுத்து அறிவித்திருப்பான், இங்கோ தடுப்பாரில்லை. அரைநாள் எண்ணிக்கை அழிந்தது. "தம்பி, எண்ணிக்கை போனால் என் கூலியும் போயிற்றே!" என்றார் தையல்கார அக்காள் ஒருவர். நல்வினையாக அவர் சிறு நோட்டொன்றில் குறித்து வைத்திருந்தார். குறிப்பில்லாத இருவருக்கு, அவர்கள் சொன்ன எண்ணையே கணக்கிலெழுதினோம்.

தமையனார் முதலிலேயே செய்திருக்கவேண்டியதை அன்றிரவு செய்தார். எவ்வேலைக்கு எவ்வளவு நேரம் செல்கிறதென அளந்தார். தாமதமெல்லாம் பெரும்பாலும் சீட்டின் படத்தைப் படிக்குமிடத்தே இருந்தது. அப்பகுதியை மட்டும் நேர்மொழியில் நிறுத்திக் கணக்கைத் துபாஷியிடமே ஒப்புவித்தார். கட்டுக்குக் கட்டு எண்ணிக்கையைச் சேமிக்கவும் வகைசெய்தார். துபாஷியும் இன்று பழைய துபாஷியல்லன். 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல், ஏ.ஆர்.டி. என்னும் பெயருடன், நிரலை ஓடுமுன்னரே பெயர்த்து வைக்கவும் வல்லவனாயினான்.

விரைவு நன்றே. ஆயினும், காவலனை நீக்கிப் பெறும் விரைவால் யாருடைய கூலிக்கு இடர் நேருமென்று யான் முன்னர் எண்ணியதில்லை. அக்காள் இன்றும் நோட்டில் குறித்தே வருகிறார். வேண்டாவென்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.