கோழி வாடகைக்கு... முட்டைக்கு கேரன்டி இல்லை!

தண்ணி கேன் வாடகைக்கு எடுத்திருப்பீங்க. கல்யாணத்துக்குப் பந்தல், சேர், கோட் சூட்கூட வாடகைக்கு எடுத்திருப்பீங்க. கோழி எடுத்திருக்கீங்களா? அதுவும் ஒரு நாமக்கல்காரன் முட்டைக்காகக் கோழியை வாடகைக்கு எடுத்த கொடுமையைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? அப்படின்னா கொஞ்சம் தள்ளி உட்காருங்க பாஸ். அந்தப் பாவி நான்தான்!

2025 மே மாசக் கடைசி. ஆறாவது செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச கையோடு அமெரிக்காவுல இருக்கிற அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். ஊரு பிட்ஸ்பர்க். அமெரிக்கான்னதும் நியூயார்க், சுதந்திர தேவி சிலைன்னு கற்பனை பண்ணிக்காதீங்க. இது பென்சில்வேனியாவுல ஒரு மலை ஊரு. ஒரு காலத்துல உலகத்துக்கே இரும்பு காய்ச்சிக் கொடுத்த ஊரு. ஏர்போர்ட்ல இருந்து வரும்போது ஒரு நீளமான சுரங்கப் பாதை. 'என்னடா இருட்டா இருக்கு'ன்னு நினைக்கும்போதே பொசுக்குனு வெளிச்சம்... கண்ணு முன்னாடி முழு நகரமும், மூணு ஆறும்! அலகேனி, மோனோங்கஹீலா ரெண்டும் கை கோத்து ஒஹையோ ஆறா மாறுற இடம் அது. கூடுதுறை பார்த்து வளர்ந்த நமக்கு, 'அட, நம்ம பவானி'ன்னு தோணும். மஞ்சள் பெயின்ட் அடிச்ச பாலமா எங்கே பார்த்தாலும் நிக்குது. மொத்தம் 446 பாலமாம்!

மலை ஏற 1870-லயும் 1877-லயும் ஆரம்பிச்ச ரெண்டு இழுவை ரயில் இன்னிக்கும் ஓடுது. கேன்டன் அவென்யூன்னு ஒரு தெரு, சரிவு 37 சதவிகிதம். 'எங்க கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு தெரியுமா?'ன்னு மச்சான்கிட்ட பீத்திக்கிட்டே ஏறினேன். பாதியில மூச்சு வாங்கி உட்கார்ந்தது தனிக் கதை. சனிக்கிழமையானா பென் ஹில்ஸ்ல இருக்கிற வெங்கடேஸ்வரா கோயில். 1976-ல கும்பாபிஷேகம் நடந்த கோயில். சாமிக்கு ஒரு கும்பிடு, கேன்டீன் புளியோதரைக்கு ரெண்டு கும்பிடு!

சரி, கோழிக்கு வருவோம்.

2025 தொடக்கத்துல பறவைக் காய்ச்சலால அமெரிக்காவுல பண்ணை பண்ணையா கோழிகளை அழிச்சாங்க. முட்டை விலை எகிறிடுச்சு. மார்ச் மாசம் ஒரு டஜன் சராசரியா 6 டாலர் 23 சென்ட்! சில கடைகள்ல 'ஆளுக்கு இத்தனை டப்பாதான்'னு போர்டே வெச்சுட்டாங்க. அப்போதான் எங்க அக்கா கண்ணுல அந்த விளம்பரம் பட்டிருக்கு. மே முதல் அக்டோபர் வரைக்கும் ரெண்டு கோழி, சக்கரம் வெச்ச கூண்டு, தீவனம், தண்ணிக் கிண்ணம் எல்லாம் வீட்டுக்கே வரும். சீசன் முடிஞ்சா அவங்களே வந்து எடுத்துட்டுப் போவாங்க. வாரம் 8 முதல் 12 முட்டை. வாடகை 540 டாலர். பிப்ரவரியிலயே முழுப் பணத்தையும் கட்டிட்டா எங்க அக்கா. முனிசிபாலிட்டி அனுமதியும் வாங்கியாச்சு. பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள்ள சேவல் மட்டும் கூடாது. கூவுனா பக்கத்து வீட்டுக்காரன் தூக்கம் கெட்டுடும்ல!

மே முதல் வாரம் வரவேண்டிய கோழி, மே 31-ம் தேதிதான் வந்துச்சு. ஏப்ரல் 29-ம் தேதி ஊரையே புரட்டிப் போட்ட சூறைக்காத்துதான் காரணம்னாங்க. காத்து அடிச்சது ஒரு நாள். லேட் நாலு வாரம். விடுங்க... வந்துச்சே!

ஒண்ணு செங்காவி நிற ரோட் ஐலண்ட் ரெட். இன்னொண்ணு கறுப்பு வெள்ளை வரி போட்ட பிளைமவுத் ராக். ஆறு வயசு மருமக அஞ்சே நிமிஷத்துல பேரு வெச்சுட்டா. லட்டு, மிக்ஸர்! அவகிட்ட 'சாப்பிட்டியா கண்ணு?'ன்னு தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்லதான் பதில் வரும். ஆனா மிக்ஸர்கிட்ட மட்டும் 'வா வா, இங்க வா'ன்னு சுத்தத் தமிழ். கோழிக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நான்தான் புளுகி வெச்சிருந்தேன்.

முதல் ராத்திரியே ஒரு ட்விஸ்ட். கூண்டுக் கதவை யாரோ ஆட்டுற சத்தம். டார்ச் அடிச்சா, முகமூடித் திருடன் மாதிரி கண்ணைச் சுத்திக் கறுப்புப் பட்டை போட்ட ரக்கூன்! மனுஷன் மாதிரியே விரலால கொக்கியை நெம்புது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா கதையே முடிஞ்சிருக்கும். கூண்டைச் சுத்தி இருந்தது வெறும் அறுகோணக் கோழிவலை. அது கோழி வெளியே போகாமத்தான் தடுக்கும். ரக்கூன் கை உள்ளே வர்றதைத் தடுக்காது. மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சது அன்னிக்குத்தான் உபயோகப்பட்டுச்சு. மறுநாளே அரை இஞ்ச் சதுரக் கம்பி வலை வாங்கி அடிச்சு, கொக்கிக்குப் பதிலா மலையேறுறவங்க மாட்டுற ஸ்பிரிங் கிளிப் ஒண்ணைப் போட்டேன். கம்பெனிக்கு போன் பண்ணினா, 'நல்ல ஐடியா!'ன்னு பாராட்டுனாங்க. காசு கொடுக்கல.

நாலாவது நாள் லட்டு முட்டை போட்டுச்சு. பழுப்பு நிறத்துல, வெதுவெதுன்னு! மிக்ஸர்? தீவனத்தைத் தின்னுச்சு. தண்ணி குடிச்சுச்சு. மண்ணுல புரண்டுச்சு. முட்டை மட்டும் இல்லை. 'இடம் மாறினா ரெண்டு வாரம் அப்படித்தான் இருக்கும்'னு கம்பெனி சொன்னாங்க. அது நிஜம்தான். ரெண்டு வாரமும் ஓடிடுச்சு. அப்புறம் போன் அடிச்சா 'பீப் சத்தத்துக்குப் பிறகு பேசவும்' மட்டும்தான். நாலு தடவை பேசினேன். பீப் மட்டும் நல்லா பேசுச்சு!

ஜூன் 14. அப்பாவுக்கு வீடியோ கால். அப்பா நாமக்கல்லுல ஒரு லேயர் பண்ணையில சூப்பர்வைசர். 'கோழியைத் தூக்கு கண்ணு. பின்னாடி ரெண்டு எலும்பு தட்டுப்படும் பாரு. நடுவுல எத்தனை விரல் போகுது?' ஒரு விரலே கஷ்டப்பட்டுத்தான் போச்சு. 'கொண்டை?' வெளிறிக் கெடந்துச்சு. 'காலு?' நல்லா மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்துச்சு.

இதை நோட் பண்ணிக்கங்க. இந்த மாதிரி மஞ்சள் தோல் ஜாதிக் கோழி தொடர்ந்து முட்டை போட்டா, உடம்புல இருக்கிற மஞ்சள் நிறமெல்லாம் கருவுக்குப் போயிடும். மூக்கும் காலும் வெளுத்துடும். முட்டை நின்னா மஞ்சள் திரும்ப ஏறும். போடுற கோழிக்கு அந்த எலும்பு நடுவுல ரெண்டு மூணு விரல் தாராளமாப் போகும், கொண்டையும் ரத்தச் சிவப்பா இருக்கும். வெளிச்சம் குறைஞ்சாலும் முட்டை குறையும். ஆனா பிட்ஸ்பர்க்ல ஜூன் மாசப் பகல் 15 மணி நேரம். அந்தச் சாக்கும் செல்லாது. 'கிழட்டுக் கோழியைத் தள்ளி விட்டிருக்கான்'னாரு அப்பா. ஒரு நிமிஷம் கழிச்சுக் கேட்டாரு. 'எழுதிக் கொடுத்ததுல என்ன இருக்குன்னு படிச்சீங்களா?'

அந்தக் கேள்வி ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 2012-ல பெருந்துறை பக்கம் ஈமு கோழி கம்பெனிகள் கவிழ்ந்தது ஞாபகம் இருக்கா? பணம் கட்டினா குஞ்சு, தீவனம், மாசாமாசம் ஒரு தொகைன்னு ஆசை காட்டினாங்க. எங்க அப்பா ஒண்ணரை லட்சம் கட்டினாரு. பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்து. எனக்கு அப்போ ஏழு வயசு. ஒருநாள் தீவன வண்டி வரல. அப்புறம் எப்பவுமே வரல. கொட்டகையில ஆறு ஈமு மட்டும் நின்னு எங்களையே பார்த்துச்சு. அந்த வருஷம் அக்காவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட அம்மாவோட செயின் போச்சு. அதுக்கப்புறம் அப்பா அதைப் பத்திப் பேசினதே இல்லை.

உடனே ஒப்பந்தத்தைத் தோண்டி எடுத்தேன். நாலு பக்கம். மூணாவது பக்கத்துல பொடி எழுத்துல இருந்துச்சு விஷயம். கோழி வந்த 30 நாளுக்குள்ள, தினசரி முட்டைக் கணக்கோடு எழுத்துல புகார் கொடுத்தா மட்டும்தான் மாத்துவாங்க. போன்ல சொன்னது கணக்குல வராது! 'கணக்கு எழுதுவோம், மாத்திடலாம்'னு டின்னர் டேபிள்ல அக்காகிட்ட சொன்னேன். மருமக பாஸ்தாவைக் கிளறிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா.

ரெண்டு நாள் கழிச்சு அதிசயம். கூண்டுல ஒரு வெள்ளை முட்டை! லட்டு போடுறது பழுப்பு. அப்போ இது மிக்ஸர்தானே? ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெள்ளை முட்டை வந்துச்சு. 'பாவம்டா, சந்தேகப்பட்டுட்டோம்'னா அக்கா. புகாரை மூட்டை கட்டி வெச்சேன். இதுக்கு நடுவுல ஃப்ரிட்ஜ்ல முட்டை குறையுதுன்னு எனக்கு 'ஆம்லெட் திருடன்'னு பட்டம் வேற! 26-ம் தேதி அந்த முட்டையைப் பெருமையா அப்பாகிட்ட காட்டினேன். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'பிளைமவுத் ராக் வெள்ளை முட்டை போடாது சாமி! நாமக்கல்லுல பொறந்துட்டு மானத்தை வாங்காத!' தப்பு என் மேலதான். வெள்ளை முட்டையையே பார்த்து வளர்ந்தவனுக்கு அது வித்தியாசமாவே தெரியல.

மறுநாள் காலையில ஆறு மணிக்கு ஜன்னல் பக்கம் பதுங்கி நின்னேன். நைட் டிரஸ்ஸோடு ஒரு குட்டி உருவம் பின்கதவைத் திறந்து, கூண்டுக்குள்ள கையை விட்டுட்டு ஓடி வந்துச்சு. போய் எடுத்துப் பார்த்தா முட்டை ஜில்லுனு இருக்கு. அமெரிக்காவுல கடை முட்டையைக் கழுவி, ஃப்ரிட்ஜ்ல வெச்சேதான் விப்பாங்க. மருமக மாட்டிக்கிட்டா. அழல. கேள்விதான் கேட்டா. அதுவும் தமிழ்ல. 'மாமா, மிக்ஸர் எங்க போகும்?'

நான் பதில் சொல்லல. எனக்குப் பதில் தெரியும் பாஸ். எங்க ஊர்ல முட்டை குறைஞ்ச கோழிங்க லாரி ஏறுறதைத் தினமும் பார்த்திருக்கேன். அந்த லாரி எங்கே போகுதுன்னு ஆறு வயசுல நான் கேட்டதே இல்லை.

ஆனா 30 நாள்ல மிச்சம் மூணு நாள்தான். ஏமாத்தினவனைச் சும்மா விடவும் மனசு இல்லை. வெள்ளை முட்டையெல்லாம் அடிச்சு, நிஜக் கணக்கு எழுதினேன். லட்டு 19, மிக்ஸர் 0. மிக்ஸரோட கால் போட்டோ, கொண்டை போட்டோ, நான் பேசின தேதிகள், மூணாம் பக்கத்துப் பொடி எழுத்து எல்லாம் சேர்த்து ஈ-மெயில் தட்டினேன். அன்னிக்கு சாயங்காலமே போன்!

ஜூலை 2-ம் தேதி ஒரு வேன்ல புதுக் கோழியோடு ஒருத்தர் வந்தாரு. வில்லனை எதிர்பார்த்தேன். வந்தவர் தூங்கி ரெண்டு நாள் ஆன மாதிரி இருந்தாரு. முட்டை விலை ஏறினதும் இருக்கிற கோழிக்கு மேல புக்கிங் வாங்கிட்டாங்களாம். பத்தாததுக்கு வெளியில வாங்கின கோழிகள்ல வயசானதும் கலந்துடுச்சாம். 'கோழியை மாத்திக்கலாம். இல்லைன்னா 150 டாலர் திருப்பித் தர்றோம், இதையே வெச்சுக்கலாம்'னாரு. எடுத்துட்டுப் போனா மிக்ஸர் என்ன ஆகும்னு கேட்டேன். 'ஒரு பண்ணைக்கு...'ன்னு சொல்லிட்டு ஷூவைப் பார்த்தாரு.

மச்சானுக்குப் புதுக் கோழி வேணும். எனக்கும்தான். ஜெயிச்சுட்டு சமரசமா? அக்கா அப்பாவுக்கு போன் போட்டா. அங்கே ராத்திரி. அப்பா முழுசாக் கேட்டுட்டு மெதுவாச் சொன்னாரு. 'பணத்தை வாங்கிட்டு கோழியை வெச்சுக்க கண்ணு. நமக்கு அன்னிக்குப் பறவை மட்டும்தான் மிஞ்சுச்சு. உனக்கு ரெண்டும் கிடைக்குது. ஆனா எழுதி வாங்கு.'

எழுதி வாங்கினோம். மூணாவது வாரம் செக் வந்துச்சு. அக்டோபர்ல தனியா ஒரு விலை கொடுத்து ரெண்டு கோழியையும் சொந்தமாவே வாங்கிட்டாங்க. இப்போ கணக்கு பார்ப்போமா? 540-ல 150 போனா வாடகை 390 டாலர். சீசன் முழுக்க லட்டு 108 முட்டை, மிக்ஸர் ரொம்ப யோசிச்சு 3 முட்டை. ஆக ஒரு முட்டை மூணரை டாலர்! அதே ஜூன்ல கடையில ஒரு டஜனே சராசரியா 4 டாலருக்குக் கீழே இறங்கிடுச்சு. இதுல இன்னொரு காமெடி, நாமக்கல்லில் இருந்து ஒரு கோடி முட்டை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுதுன்னு அந்த மாசம்தான் செய்தி வந்துச்சு. அக்கா கொஞ்சம் பொறுத்திருந்தா ஊரு முட்டையே வந்திருக்கும்!

நீங்க கோழி எடுக்கப் போறதில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா பைக் எடுப்பீங்க, லேப்டாப் எடுப்பீங்க, காலேஜ் முடிச்சதும் ரூம் எடுப்பீங்க. அதுக்கு நாலு டிப்ஸ். முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க. பொருள் வந்த அன்னிக்கே போட்டோ எடுங்க. போன்ல எவ்வளவு கத்தினாலும், அதையே ஒரு வரி எழுத்துலயும் அனுப்புங்க. மூணாவது பக்கத்தை மறக்காமப் படிங்க!

நான் இப்போ ஹாஸ்டல்ல மெஸ் முட்டையை உரிச்சுக்கிட்டு இருக்கேன். வெள்ளை முட்டைதான். ஞாயித்துக்கிழமையானா அப்பா பிட்ஸ்பர்க்குக்கு வீடியோ கால் போடுறாரு. பேத்தி லைன்ல வந்ததும் முதல் கேள்வி, 'மிக்ஸர் எங்க கண்ணு?' அவ கேமராவைக் கூண்டுப் பக்கம் திருப்புவா. ஈமுவுக்கு அப்புறம் எங்க வீட்டு வாசல்ல ஒரு பறவையைக்கூட ஏத்தாத மனுஷன், பத்து நிமிஷம் அந்தக் கிழட்டுக் கோழியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காருன்னு அம்மா சொல்றாங்க.