இன்னாரின் இடம்

பிரியேனே என்ற பழங்காலக் கிரேக்க நகரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதீனா கோயிலின் தூண்கள் அவை. கீழே சரிந்து கிடந்த துண்டங்களை 1960களில் அடுக்கி நிறுத்தினார்கள். பின்னால் மிக்காலே மலையின் செங்குத்துப் பாறை, சுற்றிலும் பைன் மரங்கள், கீழே கண்ணுக்கு எட்டியவரை பருத்தி வயல். படம் நன்றாக விழும். எடுத்து முடித்ததும் எல்லோரும் நிழலைத் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள். நகரத்தின் தெற்கு விளிம்புக்குப் படி இறங்கினால் அதே வெயிலில் திரும்ப ஏறியாக வேண்டும். அதனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் மிகக் குறைவு.

எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த மூலை அங்கேதான் இருக்கிறது. மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் தூண்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு முதலில் கீழேதான் இறங்கினேன்.

துருக்கியின் மேற்குக் கரையில் சோகே என்ற சந்தை ஊரிலிருந்து மினிபஸ் பிடித்தால் குல்லூபாச்சே கிராமத்தில் இறக்கிவிடுவார்கள். 1923இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடக்கும்வரை கிரேக்கர்களும் வாழ்ந்த கிராமம் அது. அங்கிருந்து நடந்துதான் மேலே போக வேண்டும் என்பது என் பிடிவாதம். வண்டியில் ஏறிப் போய் வாசலில் இறங்கினால் இந்த ஊர் ஏன் இப்படிக் கட்டப்பட்டது என்பது புரியாது. கால்தான் அதைப் புரிந்துகொள்ளும். சதுரங்கப் பலகை போல நேர்க்கோட்டுத் தெருக்களை வரைந்து, அந்த வரைபடத்தை ஒரு மலைச்சரிவின் மேல் அப்படியே விரித்துவிட்டார்கள். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் மூச்சு வாங்காமல் நடக்கலாம். வடக்கு தெற்காகப் போகிறவை பாதி தூரத்தில் படிக்கட்டாக மாறிவிடும். ஒவ்வொரு மனைத்தொகுதியும் ஏறத்தாழ 47 மீட்டருக்கு 35 மீட்டர். சரிவு எப்படி வளைந்தாலும் அந்த அளவை விட்டுக்கொடுக்கவில்லை. பாறை குறுக்கே வந்தால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் சுவர் கட்டி மண் நிரப்பினார்கள். சில ஆயிரம் பேர் மட்டும் வாழ்ந்த சின்ன ஊர். அதற்குள் சந்தைத் திடல், நாடக அரங்கு, சுமார் 640 பேர் உட்காரக்கூடிய ஆலோசனை மன்றம், மலையிலிருந்து குழாய் வழியே வந்த தண்ணீர் என எல்லாமே இருந்தன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிமு 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரியேனே மக்கள் பழைய ஊரை விட்டு இங்கே குடிவந்தார்கள் என்பது வழக்கமான கதை. நான்சி டிமாண்ட் என்ற ஆய்வாளர் 1986இல் இதை மறுத்தார். ஊர் இடம் மாறியது என்று பழைய எழுத்தாளர் எவரும் சொல்லவில்லையே என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் என்னால் அவரோடு சேர முடியவில்லை. இந்த வீடுகளுக்கு அடியில் அதைவிடப் பழைய ஊர் ஒன்றின் தடம் கிடைக்கவில்லை. ஏழு ஞானிகளில் ஒருவராகக் கிரேக்கர்கள் போற்றிய பியாஸ் பிறந்த பிரியேனே வேறு எங்கோ மியாண்டர் ஆற்றின் வண்டலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்த ஆறு அப்படிப்பட்டது. வளைந்து வளைந்து போவதற்கே பெயர் கொடுத்த ஆறு. கடலைத் தூர்த்துத் தூர்த்து வயலாக்கிய ஆறு. முன்பு கடலோரத்தில் இருந்த பிரியேனே தம் காலத்தில் நாற்பது ஸ்டேடியம் உள்ளே தள்ளிப்போய்விட்டதாகப் பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். நம் கணக்கில் அது ஏழு கிலோமீட்டருக்கு மேல். இன்று கடல் அதைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. கோயில் மேடையில் நின்று தெற்கே பார்த்தால் வயலுக்கு அப்பால் மிலேத்தஸ் நகரம். அதன் பக்கத்தில் சிறு குன்றாகத் தெரிவது லாடே. கிமு 494இல் பாரசீகக் கப்பற்படை இந்தக் கரையோரக் கிரேக்கர்களான அயோனியர்களைத் தோற்கடித்தபோது அது ஒரு தீவு. இன்று அதைச் சுற்றிப் பருத்தி விளைகிறது.

இனி கீழே இறங்குவோம். சந்தைத் திடலைக் கடந்து தெற்கே படி இறங்கினால் கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு தட்டு நிலம். அங்கே 191 மீட்டர் நீளத்தில் ஓட்டப்பந்தயத் திடல். தெற்கே நிலம் சட்டென்று சரிவதால் பார்வையாளர்களுக்கு வடக்குப் பக்கம் மட்டுமே கல் இருக்கை போட்டிருக்கிறார்கள். திடலின் மேற்கு முனையில் ஜிம்னேசியம். அந்தச் சொல்லைக் கேட்டதும் இரும்புக் குண்டு தூக்கும் இடம் நினைவுக்கு வரக்கூடாது. ஊர்ப் பையன்கள் ஓடவும் மல்லுக்கட்டவும் படிக்கவும் கூடிய இடம் அது. ஊரின் பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். கிமு 2ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, ஓர் ஓரத்தில் குளியலறை. அந்தக் குளியலறைச் சுவரில் கல்லில் செதுக்கிய சிங்க முகங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் வாய் வழியே மலைத்தண்ணீர் கீழே உள்ள கல் தொட்டியில் விழும். புழுதியும் எண்ணெயுமாக வந்த பையன்கள் அதில் கழுவிக்கொள்வார்கள்.

முற்றத்தின் வடக்குப் பக்கம், நடுவில் இருக்கும் அறைதான் நான் சொல்ல வந்தது. இளைஞர்கள் உட்கார்ந்து பாடம் கேட்ட கூடம். அதன் பளிங்குச் சுவர் முழுக்கப் பெயர்கள். தோண்டியவர்கள் எண்ணிப் பார்த்தபோது எழுநூற்றுக்கும் மேல் இருந்தன.

ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கிறது. முதலில் 'ஹோ டொபோஸ்', அதாவது 'இடம்'. பிறகு பையனின் பெயர், அப்பாவின் பெயர். இன்னாரின் மகன் இன்னாரின் இடம். கிரேக்கத்தில் இதற்கு வினைச்சொல் தேவையில்லை, தமிழிலும் தேவையில்லை. அந்தச் சுவரின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக மெல்ல வாய்விட்டுப் படிக்கும்போது, மொழிபெயர்க்காமலே புரிந்துவிட்டது போன்ற ஒரு நெருக்கம். நமக்கு 'இன்' என்ற உருபு எப்படியோ, அப்படி அவர்களுக்குப் பல பெயர்களின் முடிவில் 'ஊ' என்று ஒலி வரும். அந்த ஊகாரம் சுவர் நெடுக வரிசை வரிசையாக நடக்கிறது.

எழுத்துகளில்தான் எத்தனை விதம்! ஒருவன் கோடு போட்டதுபோல நிதானமாக, கல்தச்சன் கையைப் பார்த்துப் பழகியவனாகச் செதுக்கியிருக்கிறான். இன்னொருவன் தொடங்கும்போது பெரிதாகத் தொடங்கிவிட்டான். அப்பா பெயர் வரும்போது இடம் போதாமல் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. சிலது நகத்தால் கீறியதுபோல மேலோட்டமாக இருக்கிறது. மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் கண்ணுக்கே படும். அதனால்தான் நான் அங்கே மாலையில் போவேன். சூரியன் இறங்க இறங்க, வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் ஒரு பெயர் எழும்பி வரும், பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று.

இவை இருக்கைக்கான அடையாளம் என்று ஒரு விளக்கம் உண்டு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுபோல. கிரேக்க ஊர்களின் அரங்குகளிலும் சந்தைகளிலும் 'இன்னாரின் இடம்' என்று வெட்டிவைப்பது வழக்கம்தான். ஆனால் இந்த ஒரு கூடத்தில் எழுநூறு பேர் உட்கார முடியாது. இது வருஷா வருஷம் வந்து போன பையன்களின் வேலை. முதலில் எவனோ ஒருவன் தான் உட்காரும் இடத்தைக் குறித்திருக்க வேண்டும். பின்னால் வந்தவர்களுக்கு அது சடங்கு. படிப்பை முடித்துப் போகுமுன் இங்கே ஒரு வரி. ஆசிரியர்களும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் இத்தனை பெயர் சேர்ந்திருக்காது.

அந்தக் காலத்து ஆசிரியர்களைப் பற்றி வயலுக்கு அப்பால் மிலேத்தஸில் கிடைத்த கல்வெட்டு ஒன்று பேசுகிறது. கிமு 200ஐ ஒட்டி யூதெமஸ் என்பவர் அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்காகப் பத்துத் தாலந்து பணம் கொடுத்தார். எழுத்துச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு மாதம் 40 திராக்மா, உடற்பயிற்சி ஆசிரியருக்கு 30 என்று ஊரே கூடித் தீர்மானித்தது. எழுத்துக்குப் பத்து கூடுதல். பிரியேனேயின் சுவரைப் பார்த்த பிறகு அந்தப் பத்துத் திராக்மா வீண்போகவில்லை என்று தோன்றுகிறது.

இதே ஊரில் இன்னொருவரும் பெயர் பொறித்தார். அலெக்சாந்தர். எபேசஸில் ஆர்ட்டெமிஸ் கோயிலைத் தன் பெயரில் கட்டித்தருவதாக அவர் கேட்டபோது அந்த ஊர் மறுத்தது, பிரியேனே மறுக்கவில்லை. ஹாலிகார்னாசஸ் கல்லறை மாளிகையைக் கட்டிய பித்தியோஸ்தான் இங்கே அதீனா கோயிலுக்கும் கட்டடக் கலைஞர். அந்தக் கோயிலின் சுவர் முனைக் கல்லில், அரசன் அலெக்சாந்தர் இதை அதீனாவுக்கு அளித்தான் என்று பொறிக்கப்பட்டது. ஆங்கிலேயரான ரிச்சர்ட் புல்லன் 1868-69இல் கோயிலைத் தோண்டினார். அந்தக் கல் லண்டனுக்குப் போனது. இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் கூரைக்குக் கீழே, வெயில் மழை படாமல் இருக்கிறது.

எழுநூறு பையன்களின் பெயர்கள் நனைந்துகொண்டிருக்கின்றன. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1895 முதல் 1898 வரை ஜெர்மன் தொல்லியலாளர் தியோடர் வீகண்டும் அவர் குழுவினரும் தோண்டி எடுக்கும்வரை அந்தச் சுவரை மண் மூடி வைத்திருந்தது. மண் நல்ல காவல்காரன். தோண்டியவர்கள் வரைந்தார்கள், படம் பிடித்தார்கள், 1904இல் பெரிய நூலாகவும் வெளியிட்டார்கள். ஹில்லர் ஃபான் கேர்ட்ரிங்கன் 1906இல் பிரியேனேயின் கல்வெட்டுகளைத் தொகுத்தபோது இந்தப் பெயர்களையும் சேர்த்தார். நல்ல சிலைகள் பெர்லினுக்கும் இஸ்தான்புல்லுக்கும் போயின. சுவர் மட்டும் திறந்த வானத்தின் கீழ் நிற்கிறது, நூற்றிருபது வருஷத்துக்கும் மேலாக. பளிங்கு நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து மேல்தோல் சர்க்கரை போல உதிரும். ஆழமாக வெட்டியவன் தப்பித்தான். நகத்தால் கீறியதுபோல எழுதியவன் போய்க்கொண்டிருக்கிறான். முதல் முறை நான் தடவிப் படித்த ஒரு பெயரை மூன்றாவது முறை தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. தடவியதும் தவறுதான், இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் படிக்கிறேன்.

தூண் நிறுத்தப் பணமும் பளு தூக்கியும் பொறியாளர்களும் கிடைத்தார்கள். இங்கே தேவைப்படுவது நான்கு கம்பமும் ஒரு கூரையும் மட்டுமே. சுவரைப் பெயர்த்து எந்த மியூசியத்துக்கும் கொண்டுபோக வேண்டாம். 'இடம்' என்று எழுதியதை இடத்திலிருந்து எடுப்பது கொடுமை. கூரை போடுங்கள், தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். கிரேக்கம் தெரியாதவருக்கும் புரியும்படி ஒரு பலகை வையுங்கள். பலகை இல்லாததால்தான் இரண்டாவது பயணத்தில் அந்தக் காட்சியைப் பார்க்க நேர்ந்தது. எவரோ ஒரு பயணி, புதுசாகச் சாவியாலோ கத்தியாலோ, பழைய பெயர் ஒன்றின் குறுக்கே தன் இரண்டு எழுத்தைக் கீறிவிட்டுப் போயிருந்தார். வெட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தக் கல்லில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசியாகப் போனபோது, மூடும் நேரம் ஆகி, காவலாளி விசில் ஊதிக்கொண்டே படி இறங்கி வந்தார். நான் நகரவில்லை. பக்கத்தில் வந்து நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று சைகையால் கேட்டார். பத்து வருஷமாக இங்கே காவல் இருப்பதாகவும் இதுவரை யாரும் படித்துக் காட்டவில்லை என்றும் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த துருக்கிச் சொற்கள் ஒரு கைப்பிடிதான். நல்லவேளை, அந்தச் சொல் அதில் இருந்தது. முதல் சொல்லைக் காட்டி 'யெர்' என்றேன். இடம். அவர் அடுத்த வரிக்கு விரலை நீட்டினார். அதுவும் 'யெர்'. அதற்கடுத்ததும். நான்காவது வரியில் அவரே முந்திக்கொண்டார், 'யெர்' என்று. பிறகு விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெயில் இன்னும் மிச்சமிருந்த மேற்கு மூலைக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே இன்னும் நிறைய இருந்தன.