கஜு இல்லாத வட்டிலப்பம்



மிம்பரில் நின்று பிறருக்குப் புத்தி சொல்லிப் பழகியவன் நான். இன்று என்னுடைய தவறொன்றைச் சொல்ல வருகிறேன்.

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள். என் இளைய மகனுக்கு அப்போது 3 வயது. அதற்கு முன் இரண்டு தடவை மஸ்கற் தின்றதும் அவனுக்கு வாயைச் சுற்றித் தடிப்பு எழும்பியிருந்தது. "கஜுதான் ஒத்துவரல்ல போல, இனிக் குடுக்க வேணாம்" என்று என் மனைவி சொல்லியிருந்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெருநாளன்று என் உம்மா வட்டிலப்பத்தை எடுத்து நீட்ட, "மேலே கிடக்கிற கஜுவைப் பொறுக்கிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடுங்க, ஒண்டும் ஆகாது" என்றேன்.

"வாப்பா, நாக்கெல்லாம் கடிக்குது" என்றான் பிள்ளை. சற்று நேரத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, வாந்தி எடுத்தான், பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போன வழி முழுக்க என் மனைவி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

தொடையில் அட்ரீனலின் ஊசி போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறினான்.

தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தண்ணீர் இருக்கையில் தயம்முமுக்கு அனுமதியில்லை என்று கூட இருந்தவர்கள் சொல்ல, அவர் குளித்து மரணித்துப் போனார். ஜாபிர் (ரழி) அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதில் உண்டு. அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததை மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கிறவன் நான். பெற்றவள் கண்ணால் கண்டு சொன்னதை மறுத்து, வைத்தியரிடம் கேளாமல் நானும் அப்படியொரு தீர்ப்புத்தான் சொல்லியிருந்தேன்.

மேலே தூவியதைப் பொறுக்கினால் போதாது என்று வைத்தியர் விளக்கினார். ஒரு துகள்கூடப் போதுமாம். நெய்ச்சோற்றுக்குக் கஜு பொரித்த நெய்யே சோற்றில் சேர்கிறது. பிரியாணியிலும் குருமாவிலும் அரைத்து விட்டால் கண்ணுக்கே தெரியாது. கஜு ஒத்துவராத பிள்ளைகள் பலருக்குப் பிஸ்தாவும் ஒத்துவராது. இரண்டும் ஒரே குடும்பம். கச்சான் வேறு இனம் என்றாலும், சோதித்துப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம் என்றார். மறுபடி மூச்சு முட்டினால் கடி மருந்துப் பாணியைக் கொடுத்துவிட்டுக் காத்திராமல் உடனே ஊசிக்கு ஓடி வரும்படியும் சொன்னார்.

வீட்டில் கஜுவையே நிறுத்திவிட்டோம். அவனுக்கு மட்டும் தனிக் கோப்பை வைத்துப் பார்த்தோம். சஹனைச் சுற்றி எல்லோரும் இருக்க, அவன் மட்டும் மூலையில் இருந்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள்தான். பிறகு முழுச் சஹனையும் அவனுக்கு ஏற்றபடியே ஆக்கினோம். நெய்ச்சோற்றுக்கு ப்ளம்ஸும் பொரித்த வெங்காயமும் போதும். வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் ஏலக்காயும்தானே உயிர்? மூத்த பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது கேட்பதில்லை.

வீட்டைவிட அயல்தான் கஷ்டம். நோன்பு காலத்தில் வீட்டுக்கு வீடு தட்டு வரும். "மௌலவி வீட்டுப் பிள்ளைக்கு நம்மட சாப்பாடு பிடிக்காதாம்" என்று ஒரு பேச்சும் வந்தது. மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, அது இன்னதென்று நபியவர்களுக்குச் சொல்லிவிடும்படி சொன்னது அங்கிருந்த பெண்மணிதான். நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் (ரழி) கேட்க, இல்லை என்றார்கள். காலித் (ரழி) சாப்பிட்டார்கள். யாரும் யாரையும் குறையாக நினைக்கவில்லை. புகாரியில் உள்ள செய்தி இது. தட்டு அனுப்பும்போது அதில் என்ன போட்டீர்கள் என்பதையும் கொண்டு வரும் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், சகோதரிகளே. உங்கள் அயலில் யாருக்கு எது ஆகாதென்று உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம்.

என் உம்மா அன்று தன் கையால் கொடுத்ததை நினைத்துப் பல நாள் அழுதார். சொன்னவன் நானென்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. இப்போது கலியாண வீடுகளில் பெண்களோடு உட்காராமல் முதலில் சமையல் இடத்துக்குத்தான் போகிறார். பண்டாரியிடம் ஒவ்வொரு சட்டியையும் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டே பேரனைச் சஹனில் இருத்துகிறார்.