எலி எரித்த ட்வீட்டர்

அந்த வாசனை இன்னும் மூக்குலயே இருக்கு. 2006 மார்ச், ஹாஸ்டல் டே ராத்திரி. ஆட்டம் உச்சத்துல இருக்கும்போது, பாட்டு திடீர்னு போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிடுச்சு. பாக்ஸ் பக்கத்துல போனா, வார்னிஷ் கருகின நாத்தம்.

பாக்ஸ் ரெண்டும் என் ரூம்மேட்டோட அப்பாவுடையது. திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமத்துல மைக் செட் வெச்சிருந்தார். ஒவ்வொண்ணும் 150 வாட்ஸ், 8 ஓம். சித்திரை பொறந்தா கோயில் கொடை சீஸன். அந்தக் குடும்பத்தோட வருஷ வருமானத்துல பாதி அதுலதான். "பத்திரமா திரும்பி வரணும்"னு சொல்லித்தான் பஸ்ல ஏத்தி விட்டிருந்தார்.

ஆம்ப்ளிஃபயர் என்னோடது. ஈ.சி.இ. மூணாம் வருஷம், கையில சால்டரிங் அயர்ன், தலையில கொஞ்சம் கனம். 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டு நானே அசெம்பிள் பண்ணின செட், சேனலுக்கு 40 வாட்ஸ்.

"பாக்ஸுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல மக்கா?"ன்னு கேட்டான்.

"150 தாங்குற பாக்ஸ்டா. என்னோடது 40. யானை மேல எலி ஏறின மாதிரி!"

அந்த எலிதான் வேலையைக் காட்டிடுச்சு. மைதானம் முழுக்க கூட்டம். 40 வாட்ஸ் பத்தலை. வால்யூம் ஃபுல், பாஸ் ஃபுல், ட்ரெபிள் ஃபுல். சத்தம் கரகரன்னு வந்தப்போ, கூட்டத்தோட சேர்ந்து நானும் விசிலடிச்சுட்டு இருந்தேன்.

பவர் சப்ளை கொடுக்கிற வோல்டேஜைத் தாண்டி எந்த ஆம்ப்ளிஃபயராலும் சிக்னலைத் தூக்க முடியாது. அதுக்கு மேல கேட்டா, அலையோட தலை சீவிவிட்ட மாதிரி தட்டையாயிடும். இதுதான் கிளிப்பிங். முழுசா சதுரமான அலை, அதே உயரமுள்ள சைன் அலையைவிட ரெண்டு மடங்கு பவர் தரும். 40 வாட்ஸ் செட், 80ஐ நோக்கிப் போகும். அது போதாதுன்னு, தலை வெட்டின அலையில புதுசு புதுசா ஹார்மோனிக்ஸ் முளைக்கும். கிராஸ்ஓவர் அந்த மேல் ஸ்தாயியை எல்லாம் ட்வீட்டர் பக்கம் திருப்பி விட்டுடும். பாக்ஸ் முதுகுல 150னு எழுதியிருக்கிறது மொத்தத்துக்கு. சாதாரணமா பாட்டுல மேல் ஸ்தாயியில சக்தி கொஞ்சம்தான் இருக்கும். அதை நம்பித்தான் ட்வீட்டருக்கு மெல்லிசா காயில் சுத்துறாங்க.

இதெல்லாம் எனக்குத் தெரியாதான்னு கேட்டா, தெரியும்! சதுர அலையை ஹார்மோனிக்ஸா பிரிக்கிறது ஃபோரியர் சீரிஸ் பாடத்துல வர்ற ஆரம்பக் கணக்கு. அந்தப் பேப்பர்ல நான் 91 மார்க்.

பாக்ஸைத் தூக்கிட்டு ரெண்டு பேரும் ஊருக்குப் போனோம். திட்டுவார்னு நினைச்சேன். மல்டிமீட்டரை வெச்சுப் பார்த்தார். முள் அசையலை. "எத்தனை வாட்ஸ் செட்டுய்யா போட்ட?"ன்னார்.

"40, அப்பா."

"அதான். சின்ன செட்டை அலற விட்டிருக்க. நான் இதுக்கு 200 வாட்ஸ் போட்டுப் பாதியிலதான் ஓட்டுவேன்."

எட்டாம் கிளாஸ் படிச்சவர். ஃபோரியரைத் தெரியாது. கரகரப்பு வந்தா கை தானா வால்யூமுக்குப் போயிடும். (200ஐயும் முழுசாத் திருகினா பாக்ஸ் போயிடும், அது வேற கதை. ஆனா 40ஐ 80 ஆக்கினாலே 3 டெசிபல்தான் கூடும். என் எலியை எவ்வளவு திருகினாலும் மைதானத்துக்குப் பத்தியிருக்காது.)

ட்வீட்டர் ரெண்டுக்கும் காசு நான்தான் கொடுத்தேன். செல்போன் வாங்க சேர்த்து வெச்சிருந்தது. "வேண்டாம்யா"ன்னு சொல்வார்னு உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை. சொல்லலை. எண்ணிப் பார்த்து வாங்கி, சட்டைப்பையில வெச்சுக்கிட்டார்.

சித்திரைக் கொடைக்குக் கூப்பிட்டிருந்தார். போனேன். ராத்திரி சாப்பிடப் போகும்போது ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல என்னை உட்காரவெச்சார். "அந்தச் சிவப்பு லைட்டு மினுக்குனா குறைச்சிரு"ன்னார். பந்தல்ல வில்லுப்பாட்டு. யார் யாரோ வந்து, "கொஞ்சம் சத்தமா வைங்க தம்பி"ன்னு கேட்டாங்க. அவர் திரும்பி வர்ற வரைக்கும் நான் அந்த லைட்டை விட்டுக் கண்ணை எடுக்கலை.