இரு நாட்டுப் பவானி

"உங்கள் ஊர் ஆறு எது?" என்று திருப்பூர்வாசிகளைக் கேட்டால், "நொய்யல்" என்று சட்டென விடை வரும். "நீங்கள் குடிக்கும் ஜலம் எந்த ஆற்றினுடையது?" என்றால் சற்று யோசிப்பார்கள். நமது வகுப்பில் ஒரு நாள் இந்தக் கேள்வியைப் போட்டோம். சரியான விடை சொன்னவர் மூவர். "குழாயினுடையது, ஸார்!" என்ற பையனையும் சேர்த்தால் நால்வர். பூகோள ஆசிரியருக்கு இதைவிட வெட்கக்கேடு உண்டா? ஆகவே காலாண்டு விடுமுறையில் சில மாணவர்களுடன் பவானியைத் தேடிப் புறப்பட்டோம்.

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியாக ஆனைகட்டி. அதைத் தாண்டினால் கேரளம். கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறதே தவிர, பேச்சு அவ்வளவாக மாறவில்லை; அட்டப்பாடியில் தமிழ் தாராளமாகவே புழங்குகிறது. இதில் ஆச்சரியமும் இல்லை. 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் இந்த மலைப் பிரதேசம் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மலபாரோ சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. ஆறு பழையது, எல்லைதான் புதியது.

பவானியின் ஜாதகமே விசித்திரமானது. நீலகிரியில், தமிழ்நாட்டிலேதான் பிறக்கிறாள். பிறந்தவள் தென்மேற்கே இறங்கிக் கேரளத்தில் புகுகிறாள். அரபிக் கடலுக்குத்தான் போகிறாள் போலும் என்று நாம் நினைக்கும்போது, முக்காலி என்னும் சிற்றூரண்டை வடகிழக்கே திரும்பிவிடுகிறாள்! பக்கத்து மலைமுகட்டுக்கு அப்பால், அமைதிப் பள்ளத்தாக்கிலே ஓடும் குந்திப்புழை மேற்கே சென்று பாரதப்புழையில் கலக்கிறது. ஒரே மேகம் அம்முகட்டின் இரு புறமும் பெய்தால், ஒரு பாதி அரபிக் கடலுக்கு, மறு பாதி வங்கக் கடலுக்கு. கேரளத்தின் 44 ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு மூன்றுமே கிழக்கு நோக்கிச் செல்பவை.

அட்டப்பாடியில் சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு பவானி தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறாள். பில்லூர், மேட்டுப்பாளையம், பவானிசாகர் எல்லாம் கடந்து, 217 கிலோமீட்டர் நடந்து, பவானி கூடுதுறையில் காவேரியை அடைகிறாள். மோயாற்றின் வழியே கர்நாடகத்துக்கும் இதில் சிறு பங்குண்டு. டான்யூப் நதி பத்துத் தேசங்களைத் தொட்டு ஓடுகிறது. நம்முடையதற்கு மூன்று ராஜ்யங்கள். வழக்குக்கு அதுவே போதும். 2007-இல் காவேரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு அளித்த 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானிப் பகுதிக்கு உரியது. கிழக்கு அட்டப்பாடி மழைமறைவுப் பூமி. அங்குள்ள குடியானவர்களும் ஜலத்துக்கு ஏங்குகிறவர்களே.

முக்காலியில் தேநீர்க் கடையொன்றில் முதியவர் ஒருவர் ஊரை விசாரித்தார். சொன்னோம்.

"பனியன் ஊரா! எங்கள் ஆற்றுத் தண்ணீர்தான் உங்களுக்கு வருகிறதாமே? உங்களுக்கென்று ஓர் ஆறு கிடையாதோ?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. நமக்குத்தான் குத்திற்று.

ஆறு இல்லாமலா? வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யலும் காவேரிக்குப் போகிற ஆறுதான். அதன் கரையிலுள்ள கொடுமணலில் பண்டைக் காலத்து மணித் தொழிலின் சின்னங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. நம் காலத்துத் தொழில் வேறு சின்னம் வைத்தது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொண்டு உப்பை ஜலத்திலேயே விட்டுவிடுகிறது. சாயம் கண்ணுக்குத் தெரியும், உப்புத் தெரியாது. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு போய்த் தேங்கிற்று. அணைக்குக் கீழே உள்ளவர்கள், தண்ணீர் திறந்துவிட வேண்டாம் என்று மன்றாடும் காலம் வந்தது! 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகள் யாவற்றையும் மூடச் சொல்லிற்று. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி உபயோகிக்கும் ஏற்பாட்டுடனேயே பிறகு அவை திறந்தன.

பவானியில் நாம் கடைமடைக்காரர். முக்காலியில் அணை என்ற பேச்சு எழுந்தாலே பதறுகிறோம். நொய்யலிலோ நாமே தலைமடைக்காரர். பெரியவரிடம் இதையெல்லாம் சொல்ல நாவெழவில்லை. தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு ஆற்றங்கரைக்கு வந்தோம்.

குழாய் விடை சொன்ன பையன் ஒரு புட்டி நிறையப் பவானி ஜலம் மொண்டுகொண்டான். "நாம் முந்துவோமா, ஆறு முந்துமா?" என்று வழியெல்லாம் கேட்டு வந்தான். இரவு நொய்யல் பாலத்தின்மேல் பஸ் ஊர்ந்தபோது, அவன் புட்டியைத் திறந்து கொஞ்சம் வெளியே ஊற்றினான்.

"ஏனப்பா?" என்றோம்.

"இதுவும் காவேரிக்குத்தானே, ஸார், போகிறது?" என்றான்.